சீன எழுத்துல எந்த கோடு முதல்லன்னு பார்க்கணுமா? வடிவம் சரியா வந்தா போதாதா?

நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் திருப்பூர்ல துணி இம்போர்ட் பண்ற ஆபீஸ்ல இருக்கேன். எங்களுக்கு பாலியஸ்டர் சரக்கு முக்கால்வாசி சீனாவிலிருந்துதான் வருது, இத்தனை வருஷமா மெயில்ல ட்ரான்ஸ்லேட் போட்டே ஓட்டிட்டு இருந்தோம், நாலு மாசம் முன்னாடி இனிமே இப்படி முடியாதுன்னு நானே ஆன்லைன்ல மாண்டரின் கிளாஸ் சேர்ந்துட்டேன். பேசறது பரவால்லைங்க, எழுதறதுலதான் சிக்கல்.

டீச்சர் கேமராவ கை மேல வெச்சு எழுத சொல்றாங்க. நெருப்புக்கு ஹுவோன்னு ஒரு எழுத்து, அதுல நடுவுல ரெண்டு கால் போட்டு அப்புறம் ரெண்டு பக்கமும் புள்ளி வெச்சேன். தப்புன்னுட்டாங்க, புள்ளி ரெண்டும்தான் முதல்லயாம். சரின்னு அடுத்து சியாவ், சின்னதுங்கற எழுத்து, அதுல பக்கத்து ரெண்டையும் முதல்ல போட்டேன், அதுவும் தப்பு, இதுல நடுக்கோடுதான் முதல்லயாம். நான் எழுதினதையும் அவங்க எழுதினதையும் பக்கத்துல வெச்சு பார்த்தா ஒரு வித்தியாசமும் இல்லைங்க. பார்க்கறவனுக்கு முடிஞ்ச எழுத்துதானே தெரியும், எந்த கோடு முதல்ல வந்துச்சுன்னு யாருக்கு தெரிய போகுது? இதுக்கு உண்மையிலயே காரணம் இருக்கா இல்ல பழக்கத்துக்கு சொல்றாங்களா?

இன்னொன்னு. சப்ளையர் கையால எழுதின பில்லோட போட்டோ ஒண்ணு வந்திருக்கு, அதுல 380க்கு அப்புறம் ஒரு கிறுக்கல். ஆப்ல காட்டினா லாய்னு சொல்லுது, லாய்னா ‘வா’. 380 வான்னா என்னங்க அர்த்தம்?

கெச்சியாவ்_வாசி எழுதியது:

தம்பி, நான் ஷாவ்ஷிங் பக்கத்துல கெச்சியாவ்ல ஒன்பது வருஷமா துணி வியாபாரம். உங்க பில்லு எங்க மார்க்கெட்டுலேர்ந்து வந்ததா கூட இருக்கலாம். அதுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல உங்க கேள்வி.

பார்க்கறவனுக்கு தெரியாதுன்னு சொல்றீங்கல்ல, அச்சு மாதிரி கட்டம் போட்டு மெதுவா எழுதற வரைக்கும் அது சரி. ஆனா இங்க ஒருத்தரும் அப்படி எழுதறதில்ல. கடைக்காரர் பில்லு போடறப்ப பேனாவ தூக்கவே மாட்டார், ஒரு கோடு முடிஞ்ச இடத்துலேர்ந்து அடுத்த கோட்டுக்கு இழுத்துட்டே போவார், அந்த இழுப்பும் பேப்பர்ல விழும். எல்லாரும் ஒரே வரிசையில எழுதறதால எல்லாரோட இழுப்பும் ஏறக்குறைய ஒரே இடத்துல விழுது, அதனாலதான் அடுத்தவனுக்கு படிக்க முடியுது. வரிசைய மாத்தினா இழுப்பு வேற எங்கயோ விழும், எழுத்தே வேற மாதிரி ஆயிடும். ஷிங்ஷூன்னு இந்த ஓட்ட எழுத்துக்கு பேரு, முழுக்க முழுக்க வரிசைய நம்பித்தான் நிக்குது.

பெரிய விதிகள் கொஞ்சம்தான், மேலேர்ந்து கீழ, இடமிருந்து வலம், குறுக்கும் நெடுக்கும் வெட்டினா படுக்கை கோடு முதல்ல, ரெண்டு பக்கமும் சரியறது இருந்தா இடப்பக்கம் சரியறது முதல்ல. கட்டம் இருந்தா மூணு பக்கம் கட்டி, உள்ள இருக்கறத வெச்சு, கடைசியா கதவ சாத்தணும். நாடுங்கற குவோ அப்படித்தான், எட்டு கோடுல எட்டாவது கோடுதான் அடிக்கோடு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு சொல்றேன். மாட்டுக்கு நியூன்னு எழுத்து. தனியா எழுதறப்ப நெடுங்கோடு கடைசி. ஆனா அதே மாடு இன்னொரு எழுத்துக்குள்ள இடப்பக்கமா போய் உக்காந்தா, பொருள்ங்கற வூல வர்ற மாதிரி, நெடுங்கோடு மூணாவதா வந்துடும், கீழ்க்கோடு கடைசிக்கு போயிடும், அதுவும் படுக்கையா இல்லாம வலது பக்கமா மேல ஏறற கீறலா மாறிடும். ஏன்னா அடுத்து கை போக வேண்டியது வலது பக்கம் மேல. கீறல் முடியற இடத்துலேர்ந்து அடுத்த பாதி ஆரம்பிக்குது. வண்டிக்கு வர்ற ச்செவும் இப்படித்தான் மாறும். முதல் தடவை இத கவனிச்சப்ப நான் நோட்டுல இருபது முப்பது தடவை எழுதி பார்த்துட்டே இருந்தேன், வரிசைங்கறது சட்டமில்ல, கை போற வழின்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

ஹுவோவும் சியாவும் குழப்பும், ஒத்துக்கறேன். தண்ணிக்கு வர்ற ஷுய், சியாவ் ரெண்டுலயும் நடுவுல ஒரு தூண் நிக்குது, தூண முதல்ல நட்டுட்டு ரெண்டு பக்கமும் சமமா வைக்கறோம். ஹுவோல தூண் இல்ல. அது தனி, அப்படியே மனசுல ஏத்திக்க வேண்டியதுதான்.

ஷென்ஜென்_கோடர் எழுதியது:

நான் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. அஞ்சு வருஷமா ஷென்ஜென்ல சாஃப்ட்வேர் வேலை. இத்தனை வருஷத்துல பேனா எடுத்து சீனம் எழுதினது பேங்க் ஃபார்ம்ல கையெழுத்து போட மட்டும்தான். எல்லாமே பின்யின் டைப்பிங், ஆங்கில எழுத்துல உச்சரிப்ப அடிச்சா எழுத்து வரிசையா வந்து நிக்கும், பார்த்து தேர்ந்தெடுத்தா போதும். என் டீம்ல இருக்கற சீனாக்காரங்களே சில எழுத்து கையால வரலன்னு போன்ல அடிச்சு பார்த்துட்டு எழுதறாங்க, டிபி வாங்ஸின்னு அதுக்கு பழமொழி மாதிரி ஒரு வார்த்தையே இருக்கு, பேனாவ தூக்கினதும் எழுத்து மறந்து போச்சுன்னு அர்த்தம். பிறந்ததுலேர்ந்து எழுதறவங்களுக்கே இந்த நிலைமைன்னா, வேலைக்கு போய்ட்டு நைட்டு ஒரு மணி நேரம் படிக்கற நம்ம ஆளு அந்த ஒரு மணி நேரத்த பேசறதுலயும் படிக்கறதுலயும் போட்டா எவ்வளவோ முன்னேறலாம். நூல்கண்டு ப்ரோ, உங்களுக்கு வேலைக்கு வேணும்னா எழுதறத விட்டுடுங்க.

கிள்ளான்_அம்மா எழுதியது:

மலேசியாவிலேர்ந்து எழுதறேன். எங்க பையன சீனப்பள்ளியில போட்டிருக்கோம், இப்ப மூணாம் ஆண்டு. வீட்டுல யாருக்கும் மண்டரின் தெரியாது, ஹோம்வொர்க் பார்க்கணுமேன்னு நானும் அவனோட சேர்ந்து ஒண்ணாம் ஆண்டுலேர்ந்து படிச்சிட்டு வர்றேன்.

தம்பி ஷென்ஜென், நீங்க சொல்றது பெரியவங்களுக்கு ஓரளவு சரியா இருக்கலாம். ஆனா நான் கண்ணால பார்த்தத சொல்றேன். இங்க வாரா வாரம் திங்சியே இருக்கும், டீச்சர் வார்த்தைய சொல்வாங்க, பிள்ளைங்க பார்க்காம எழுதணும். ஆரம்பத்துல பையன் எழுத்த படம் மாதிரி பார்த்து வரைவான், இன்னிக்கு வரும், நாளைக்கு காணாம போயிடும். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வரைஞ்சா கைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? கோடு வரிசைய பிடிச்சப்புறம்தான் நின்னுச்சு. இப்ப ஏதாவது எழுத்து மறந்துடுச்சுன்னா மேல பார்த்துட்டு விரலால காத்துல எழுதறான், முதல் ரெண்டு கோடு போட்டா மிச்சம் தானா வந்துடுது. எனக்கும் இப்ப அப்படித்தான் வருது.

வகுப்புல டீச்சரே அப்படித்தான் சொல்லி கொடுப்பாங்க. எல்லா பிள்ளையும் கைய தூக்கி காத்துல எழுதிட்டே ஹெங், ஷூ, பியே, நான்னு கோட்டு பேர ராகமா சொல்லணும். படுக்கை கோடு ஹெங், நெடுங்கோடு ஷூ, இடப்பக்கம் சரியறது பியே, வலப்பக்கம் சரியறது நா. மரத்துக்கு மூன்னு எழுத்து, இந்த நாலு கோடும் இதே வரிசையில வரும், அதனால முதல்ல மூ எழுதி பழகினா நாலு கோடும் கைக்கு வந்துடும்.

நம்ம கைக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு பாருங்க, அத சொல்லியே ஆகணும். தமிழ் எழுதின கை வளைக்கத்தான் பார்க்கும். வாய்க்கு வர்ற கோவ் ஒரு சதுரம், நான் அத பேனா எடுக்காம வட்டமா சுழிச்சிட்டு இருந்தேன். அது மூணு கோடு. இடது சுவர், அப்புறம் மேல் கோடும் வலது சுவரும் சேர்ந்து மடிஞ்ச ஒரே கோடு, கடைசியா அடி. நாலு சுவர்னு நாலு கோடா போட்டாலும் தப்பு. ஆனா ஒரு இடத்துல தமிழ் கை கொடுத்துச்சு, மலைக்கு வர்ற ஷான்ல ரெண்டாவது கோடு அச்சு அசல் நம்ம ‘ட’. மேலேர்ந்து இறங்கி அப்படியே வலது பக்கம் திரும்பணும். பையன்கிட்ட ‘ட போடு’ன்னு சொன்னா உடனே போட்டுடுவான்.

பேனாமுள் எழுதியது:

நல்ல இழை. நான் சென்னையில ஜப்பானீஸ் படிச்சவ, அதுலேர்ந்து சீனத்துக்கு வந்தேன், அதனால ஒரு சிக்கல இங்க வைக்கணும். “சரியான வரிசை”ன்னு சொல்றோமே, யாருக்கு சரி? ராஜாவுக்கு வாங், மூணு படுக்கை கோடு ஒரு நெடுங்கோடு. சீனாவுல ரெண்டு படுக்கை, நெடுக்கு, அப்புறம் அடி. ஜப்பான்ல ஒரு படுக்கை, நெடுக்கு, அப்புறம் மிச்ச ரெண்டு படுக்கை. வயலுக்கு வர்ற தியென் உள்ள சீனாவுல குறுக்கு கோடு முதல்ல, ஜப்பான்ல நெடுங்கோடு முதல்ல. ஜப்பான்ல இடது வலதுன்னு எழுதற ரெண்டு எழுத்தும் மேல பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா இடதுக்கு படுக்கை கோடு முதல்ல, வலதுக்கு சரியற கோடு முதல்ல. சீனாவுல ரெண்டுக்குமே படுக்கைதான் முதல்ல. நான் சீன கிளாஸ்ல ஜப்பான் வரிசையில எழுதி ஒரு மாசம் திட்டு வாங்கினேன், எனக்கு அது நியாயமா படல, ஏன்னா கோடிக்கணக்கான பேர் ஜப்பான்ல அப்படித்தான் எழுதறாங்க.

ஜப்பான் கல்வி அமைச்சகம் 1958ல ஆசிரியர்களுக்காக ஒரு வழிகாட்டி போட்டுச்சு, ஆரம்பப்பள்ளி எழுத்து 881க்கும் வரிசை கொடுத்து. அதுலயே இதுல இல்லாத வரிசைய தப்புன்னு சொல்ல வரலன்னு எழுதியிருக்கு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு போனதும் அது ஒரே சரியான விடை ஆயிடுச்சு. என் கருத்து, வரிசை வேணும், ஆனா அதுக்காக மார்க் குறைக்கறது வேண்டாம்.

நூல்கண்டு எழுதியது:

அய்யோ இப்ப இன்னும் குழப்பமாயிடுச்சுங்க. பேனாமுள் அக்கா, அப்போ நான் எத பிடிச்சுக்கறது? நாட்டுக்கு நாடு மாறும்னா கை போற வழின்னு கெச்சியாவ் அண்ணா சொன்னது எப்படிங்க சரியாகும்?

கெச்சியாவ்_வாசி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஒரு ஊருக்கு போக ரெண்டு ரோடு இருக்கலாம், அதுக்காக ரோடே இல்லன்னு ஆகாதுல்ல. வாங் எழுத்த ரெண்டு விதமாவும் வேகமா எழுதி பாருங்க, ரெண்டுமே ஓடும். ஆனா அடிக்கோட்டுலேர்ந்து ஆரம்பிச்சு மேல போய் பாருங்க, கை முட்டும். பழைய தூரிகை எழுத்துலயே சில எழுத்துக்கு ரெண்டு மூணு வரிசை உண்டு. பள்ளிக்கூடம் வந்தப்புறம் ஒவ்வொரு நாடும் ஒண்ண தேர்ந்தெடுத்துச்சு. சீனா 1997ல 7000 எழுத்துக்கு வரிசை வகுத்துச்சு, அப்புறம் 2013 பட்டியல்ல இருக்கற 8105 எழுத்துக்கும் சேர்த்து புதுசா வெளியிட்டு 2021 மார்ச்லேர்ந்து அதுதான் நடப்புல இருக்கு. தைவானுக்கு தனி கையேடு இருக்கு. உங்களுக்கு பில்லு எங்கிருந்து வருது? சீனாவிலிருந்து. அப்போ சீனா வரிசைய பிடிங்க, முடிஞ்சுது. ரெண்டையும் கலக்காதீங்க, அதுதான் ஆபத்து.

ஊர்ப்பெருமையா ஒண்ணு சொல்லிக்கறேன். எங்க ஷாவ்ஷிங்லதான் லான்திங்னு ஒரு பழைய மண்டபம் இருக்கு. கி.பி. 353ல வாங் ஷிஜர்ங்கற எழுத்துக்கலைஞர் அங்க நண்பர்களோட ஓடைக்கரையில உக்காந்து கவிதை எழுதினப்ப அந்த தொகுப்புக்கு ஒரு முன்னுரை எழுதினார், ஓட்ட எழுத்துல அத மிஞ்சினது இல்லன்னு இன்னிக்கும் கொண்டாடறாங்க. மூலம் இல்ல, தாங் பேரரசர் தாய்ட்சொங் தன்னோட சமாதியில வெச்சு புதைக்க சொல்லிட்டார்னு பேச்சு, நமக்கு கிடைச்சது பிரதிகள்தான். அதோட முதல் எழுத்து யொங், நிரந்தரம்னு அர்த்தம். எழுத்துக்கலை படிக்கற எல்லாருக்கும் முதல் பாடம் இந்த யொங்தான், எண்ணிப் பார்த்தா அஞ்சு கோடு, ஆனா புள்ளி, படுக்கை, நெடுக்கு, கொக்கி, கீறல், மூணு வித சரிவுன்னு எட்டு வகை கைவேலையும் அதுக்குள்ள இருக்கு. அந்த முன்னுரையில ஜர்ங்கற சின்ன எழுத்து இருபது தடவை வரும்னு சொல்வாங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. லீவு நாள்ல அங்க போய் பிரதிய பார்த்துட்டு நிப்பேன். தூரிகை எங்க தொட்டுது, எங்க திரும்புச்சு, எங்க வேகமா போச்சுன்னு கண்ணு பின்னாடியே போகும். ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆச்சு, ஒரு மனுஷன் கை அசைஞ்ச வழி இன்னும் தெரியுது. வரிசை தெரியாதவனுக்கு அது வெறும் கருப்பு மைதான், இத நான் அடிச்சு சொல்வேன்.

ஷென்ஜென்_கோடர் எழுதியது:

கிள்ளான் அக்கா, கெச்சியாவ் அண்ணா, ரெண்டு பேர் சொன்னதும் யோசிக்க வெச்சுது. நேர்மையா ஒண்ணு சேர்க்கணும். என் வீட்டு ஓனர் பாட்டிக்கு பின்யின் வராது, போன்ல கோடு கீபோர்டு வெச்சிருக்காங்க. அஞ்சே பட்டன், படுக்கை 1, நெடுக்கு 2, இடச்சரிவு 3, புள்ளியும் வலச்சரிவும் 4, மடிப்பு எதுவா இருந்தாலும் 5. நடுங்கற ஜொங்குக்கு 2512. குவோவுக்கு 25112141. வரிசை தப்பினா எழுத்து வரவே வராது, நான் முயற்சி பண்ணி பார்த்தேன், எனக்கு பத்துல மூணுதான் வந்துச்சு, பாட்டி பார்க்காமயே அடிக்கறாங்க.

பெயர் பட்டியல் கூட இங்க கோடு எண்ணித்தான் போடறாங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் அணிவகுப்பு ஞாபகம் இருக்கா? கிரீஸ் வழக்கம் போல முதல்ல வந்துச்சு, அடுத்து கினி, ஏன்னா அதோட சீன பேருல முதல் எழுத்துக்கு ரெண்டே கோடு. ஜாம்பியாவுக்கு 16, அதனால கடைசிக்கு போயிடுச்சு, அதுக்கப்புறம் சீனா மட்டும்தான். கோடு எண்ணிக்கை சமமா இருந்தா முதல் கோடு எந்த வகைன்னு பார்ப்பாங்க, அங்கயும் வரிசைதான்.

இருந்தாலும் என் அடிப்படை வாதம் மாறல. வேலைக்கு போறவனுக்கு ஆயிரக்கணக்குல எழுத்த கையால பழக நேரம் கிடையாது.

இடக்கை எழுதியது:

ஆயிரக்கணக்குல வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க ப்ரோ. 2021ல வந்த புது சீன மொழி தர அளவுல ஒன்பது நிலைக்கும் சேர்த்து 3000 எழுத்து அடையாளம் தெரியணும், ஆனா கையால எழுத 1200தான். முதல் மூணு நிலைக்கு 300 போதும். நான் சீனாவுல மெடிசின் படிச்சவன், ஹெச்எஸ்கேங்கற சீன மொழி பரீட்சைய கம்ப்யூட்டர்ல டைப் பண்ணித்தான் எழுதினேன், அதனால எழுத்து பழகவே இல்ல. வார்டுக்கு போனப்புறம்தான் கஷ்டம் தெரிஞ்சுது. சீனியர் டாக்டர் கையால எழுதின குறிப்ப என்னால படிக்க முடியல, மருந்து பேர ஒவ்வொண்ணா நர்ஸ் அக்காகிட்ட கேட்டுட்டு நின்னேன். அப்புறம் 300 எழுத்த உக்காந்து பழகினேன். எழுத மட்டும் இல்ல, படிக்கவும் அதுதான் உதவுச்சு.

நான் இடது கைக்காரன். வரிசை வலது கைக்குன்னே அமைஞ்சது, படுக்கை கோட்ட நான் தள்ள வேண்டியிருக்கு, எழுதினது மேலயே கை போகுது. எனக்குன்னு வரிசைய மாத்திக்கலாமான்னு ஆசிரியர்கிட்ட கேட்டேன், வேண்டாம், பேப்பர சாய்ச்சுக்கோன்னு சொன்னார். சாய்ச்சு வெச்சு அதே வரிசையில எழுதறேன், மெதுவாத்தான் வரும், ஆனா இப்ப மத்தவங்க எழுதினது புரியுது.

ரெண்டு எழுத்து எச்சரிக்கை. ஜியூ, ஒன்பது, அதுல சரியற கோடு முதல்ல, கொக்கி அப்புறம். லி, பலம், அதுல கொக்கி முதல்ல, சரியறது அப்புறம். ரெண்டையும் ஒரே மாதிரி எழுதி வேகமா போனீங்கன்னா குழப்பம் நிச்சயம்.

கெச்சியாவ்_வாசி எழுதியது:

தம்பி நூல்கண்டு, பில்லுக்கு வருவோம். அந்த கிறுக்கல்ல பேனா எங்க தொடங்குதுன்னு பெருசாக்கி பாருங்க. மை குண்டா இருக்கற இடம்தான் ஆரம்பம். உச்சியில ஒரு படுக்கை கோடு இருக்கா, இல்ல இடது மேல் மூலையில ஒரு புள்ளி விழுந்து அங்கிருந்து வலது பக்கம் இழுத்திருக்கா?

நூல்கண்டு எழுதியது:

அண்ணா படுக்கை கோடு உச்சியில இல்லைங்க. இடது மேல குண்டா ஒரு புள்ளி, அதுலேர்ந்து மெல்லிசா ஒரு இழுப்பு வலது பக்கம் மேல ஏறி திரும்பி இறங்குது, டிக் அடிச்ச மாதிரி. அப்புறம் குறுக்கா ஒரு கோடு, நெடுக்கா ஒண்ணு, கீழ ரெண்டு பக்கமும் நெளிஞ்சு முடியுது.

கெச்சியாவ்_வாசி எழுதியது:

அப்போ அது மி. அரிசிக்கும் அதே எழுத்துதான், ஆனா துணிக்கடையில மீட்டர். 380 மீட்டர் தம்பி. லாய்னா முதல்ல ஒரு படுக்கை கோடு போட்டுட்டுத்தான் புள்ளிக்கு வரணும், மிச்சம் அப்படியே மி மாதிரிதான், அதான் ஆப் ஏமாந்துடுச்சு. மீட்டருக்கு மி, கஜத்துக்கு மா, துணி உருப்படிக்கு பி, இந்த மூணையும் முதல்ல கைக்கு கொண்டு வாங்க, பில்லுல இதுதான் திரும்ப திரும்ப வரும். பி எழுதறப்ப மேல்கோடு முதல்ல, உள்ள ரெண்டு கால், கடைசியா இடது சுவரும் அடியும் சேர்ந்த ஒரே கோடு. கிள்ளான் தங்கச்சி சொன்ன ‘ட’தான் அது.

கிள்ளான்_அம்மா எழுதியது:

பழகறதுக்கு நான் கண்ட வழி சொல்றேன் தம்பி. தியென்ஸிகெ நோட்டு, நடுவுல புள்ளிக்கோடு போட்ட சதுரம் அச்சடிச்சது, அதுல எழுதுங்க, எந்த கோடு எந்த கால் பாகத்துல விழுதுன்னு தெரியும். ஒரே எழுத்த பக்கம் பக்கமா நிரப்பாதீங்க, நாலாவது தடவைக்கு மேல கை மட்டும்தான் ஓடும், மனசு வேற எங்கயோ இருக்கும். அஞ்சு தடவை, ஒவ்வொரு கோட்டுக்கும் பேர் சொல்லிட்டே. மறுநாள் காலையில பார்க்காம ஒரே ஒரு தடவை. வரலன்னா மட்டும் திரும்ப அஞ்சு. எங்க பையனுக்கும் எனக்கும் இதுதான் நின்னுச்சு. எழுத்து ஒவ்வொண்ணா பயப்படாதீங்க, கோவ், மூ, மனுஷனுக்கு வர்ற ரென் மாதிரி ஒரு ஐம்பது அறுபது துண்டு வரிசை கைக்கு வந்துட்டா பெரிய எழுத்தெல்லாம் அதுங்கள சேர்த்து வெச்சதுதான்.

நூல்கண்டு எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேங்க. நோட்டு வாங்கிட்டேன், சதுர நோட்டு இங்க கிடைக்கல, கணக்கு நோட்டுல நாலு கட்டத்த சேர்த்து ஒண்ணாக்கி கோடு போட்டுக்கறேன். ஹுவோ இப்ப தானா புள்ளியில ஆரம்பிக்குது.

நேத்து ஆர்டர் ஷீட்ட டைப் பண்ணாம கையாலயே எழுதி போட்டோ எடுத்து அனுப்பினேன், கலர் நம்பர், 500, பக்கத்துல மி. கொஞ்சம் வேகமாத்தான் எழுதினேன், புள்ளியும் சரிவும் ஒட்டிக்கிச்சு. அனுப்பிட்டு பயமா இருந்துச்சு. அரை மணி நேரத்துல சப்ளையர் அம்மா பதிலுக்கு கையால எழுதின பில்லு அனுப்பிட்டாங்க, எதுவும் திருப்பி கேட்கல. 500க்கு பக்கத்துல அவங்க போட்ட மி, அதுலயும் புள்ளியிலேர்ந்து அதே இழுப்பு. கெச்சியாவ் அண்ணா, அடுத்த வரியில மா இருக்கு, அத நானே படிச்சுட்டேங்க.

கெச்சியாவ்_வாசி எழுதியது:

சபாஷ் தம்பி. அந்த மா எத்தனை கஜம்னு மறக்காம மீட்டர்ல மாத்தி பாருங்க, ஒரு கஜம் 0.9144 மீட்டர், விலை அதுலதான் இடிக்கும்.